பிரெஞ்சு பேசும் மனைவி

என் மனைவி போனில் பிரெஞ்சில் சிரித்துப் பேசுவாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரெஞ்சு அரசியல் சிந்தனையின் வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அவளுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. சரக்கு வாங்கும் பிரெஞ்சு பையர்களோடு பேசிப் பேசியே மொழியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ படிக்க வரும்; வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பு அங்கே ஒரு சிற்றூர் வக்கீல் எழுதிய சிறு நூல்தான் என் ஆய்வு. தோல் பதனிடுகிறவனும் குடிமகன்தானே என்று கேட்ட நூல். ஒரே பிரதி அந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது. பதினைந்து வருடமாக, மற்றவர்கள் மேற்கோள் காட்டிய வரிகளை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். நேரில் போய்ப் பார்க்க ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். வீடியோவில் நேர்காணல், அதுவும் பிரெஞ்சில்.

"பத்து நாள் என்கூட பேசுங்க, சரியாய்டும்," என்றாள்.

"ஷூ விக்கிற பிரெஞ்சு எனக்கு வேணாம்."

"இன்னா கொழுப்பு பாரு உங்களுக்கு!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

நேர்காணலில் திரையில் வந்த பிரெஞ்சு அம்மா கேட்ட முதல் கேள்வியே புரியவில்லை. மறுபடி கேட்டார். பேந்தப் பேந்த விழித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் மனைவிக்குப் புரிந்திருக்கும் என்ற நினைப்பிலேயே தெரிந்த நாலு வார்த்தையும் போய்விட்டது. உதவித்தொகை கிடைக்கவில்லை.

அடுத்த மாதமே கம்பெனி அவளை பிரான்சுக்கு அனுப்பியது. "ஜாக்கிரதையா போய்ட்டு வா" என்று வாய் சொன்னது, மனசு சொல்லவில்லை.

நான்காம் நாள் போட்டோக்கள் வந்து குவிந்தன. அரைநாள் லீவு போட்டு, ரயில் பிடித்து, அந்த நூலகத்துக்கே போயிருக்கிறாள். முழுப் புத்தகமும் பக்கம் பக்கமாக இருந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"ஏங்க, அட்டை கன்னுக்குட்டித் தோலுங்க. ஓரத்துல உண்ணி கடிச்ச தழும்பு இருக்கு. நம்ம கம்பெனின்னா ரிஜெக்ட்தான். லைப்ரரிக்கார அம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்கே தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்த நூலுக்கு அட்டை என்று ஒன்று இருக்கும் என்றே இத்தனை வருடத்தில் நான் நினைத்ததில்லை.

நன்றி என்று டைப் செய்து அழித்தேன். முதல் பக்கத்தைப் பெரிதாக்கினேன். வரிகள் கண்ணில் ஏறவில்லை. பக்கம் மடங்காமல் ஓரத்தில் அழுத்திப் பிடித்திருந்த அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, அது என் விரலாக இருந்திருக்க வேண்டும்.