தொண்டைக்கு ஒரு துண்டு

காய்கறி மண்டியில் அவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். மூட்டைகளை ஏலம் விடுகிறவர். விடியலில் வாயைத் திறந்தால் உச்சி வெயில் வரை மூட மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சில மாதங்களாகப் படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். கை துவண்டு போகிறது. கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

சும்மா இருப்பார்களா ஆட்கள்? வயசாகிவிட்டது என்றார்கள், நடிக்கிறார் என்றார்கள். சர்க்கரை, தைராய்டு என்று பார்த்த டாக்டரும், "உடம்புல ஒண்ணுமில்ல, மனசுதான்" என்று கையை விரித்துவிட்டார்.

தையல் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனசா? இந்த மனுஷனுக்கு மனசுல எதையாவது வெச்சுக்கத் தெரியுமா? எல்லாத்தையும்தான் கத்திடுவாரே!"

சாப்பாட்டில்தான் கோளாறு என்று முடிவு கட்டினாள். காபியை நிறுத்தினாள். பிறகு பால், ரொட்டி, முட்டை, சர்க்கரை. அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "அடுத்தது தண்ணியா?" என்று கேட்டார். பாவம், குரலோ போன வருஷத்திலிருந்தே கம்மிப் போயிருந்தது. அதற்கு மட்டும் அவளிடம் மருந்து இருந்தது. அதிமதுர வேர். தொண்டை கட்டினால் மண்டியில் எல்லோரும் ஒரு துண்டு மெல்லுவதுதான். இவளோ அப்போதிருந்தே தினமும் நறுக்கிச் சட்டைப் பை நிறையப் போட்டு அனுப்பினாள். குரல் இறங்க இறங்க இன்னும் கூட்டினாள். வெந்நீரிலும் அதையே தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

ஒருநாள் ஏலத்தின் நடுவிலேயே அவர் சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு அவளை வெளியே கூப்பிட்டார். "பொட்டாசியம் ரொம்ப இறங்கிடுச்சும்மா. இன்னும் இறங்கினா இதயமே நின்னுடலாம்." டிரிப்ஸ் ஏற்றினார்கள். கொஞ்சம் ஏறியது. மறுநாள் பழையபடி இறங்கியது. மறுபடியும் ஏற்றினார்கள். மறுபடியும் இறங்கியது.

"வாந்தி இல்ல, பேதி இல்ல. ஏத்துறதெல்லாம் எங்கதான் போகுது?" டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்தார். "வெளியிலேருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"ஐயோ, ஒரு வாய்கூட இல்லம்மா! நீங்க குடுக்கிறது மட்டும்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது சாப்பாடே இல்லை.

டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் அவர் முனகினார். "தொண்டை வறளுது." அவள் வழக்கம்போல் பர்ஸைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவர் கன்னத்தில் அடக்கினாள். கை இன்னும் வாயை விட்டு வரவில்லை, அதற்குள் தலைமாட்டில் இருந்த மெஷின் அலறியது. திரையில் கோடு தாறுமாறாகத் துள்ளியது. டாக்டரம்மா ஓடி வந்தார், நர்ஸ் ஓடி வந்தாள், ஏதோ ஊசி போட்டார்கள். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

கோடு ஒருவழியாக அடங்கியது. அப்போதுதான் டாக்டரம்மா கவனித்தார். "வாயில என்ன?"

"அது சாப்பாடு இல்லம்மா, அதிமதுரம். சும்மா தொண்டைக்கு."

"துப்புங்க! துப்புங்க முதல்ல!" டாக்டரம்மா தாமே விரலை விட்டு எடுத்தார். "தினமும் எவ்வளவு?"

"பை நிறைய."

"இதுதாம்மா! இது அளவுக்கு மீறினா, ஏத்தின பொட்டாசியம் எல்லாம் சிறுநீர்லயே போயிடும். இதை நிறுத்துங்க, பிழைச்சுக்குவார். யார் குடுத்தது?"

"நானே வாங்கினேன், டாக்டர்" என்றார் அவர், இருக்கிற குரலையெல்லாம் திரட்டி. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். "பொய் சொல்லாதீங்க!" என்று கத்தினாள். "நான்தாம்மா குடுத்தேன். இந்தக் கையாலதான். காபியில தேடினேன், முட்டையில தேடினேன், என் பர்ஸுல தேடலையே!"

அவர் அவளைப் பார்த்தார். "விடும்மா. ஊருல எவ புருஷனுக்கு இவ்வளவு இனிப்பா விஷம் வெச்சா?"

இத்தனை நாளும் சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவர் தோளில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். பிறகு அவர் நெஞ்சைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அம்மா, ஒயர்! ஒயர் கழண்டுடும்!" என்று நர்ஸ் பதறினாள்.