தாபோடியில் நான் வரைந்த வெள்ளம்

வெள்ளம் வருமுன் மக்களைக் கூட்டி, படமும் நாடகமுமாகத் திட்டம் போடவைப்பது என் தொழில். நல்லது செய்யப் போய் மூக்குடைபட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் புனேயில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஓவியனாக இருந்தேன். அங்கே தாபோடி என்ற பகுதியில் ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

நீலப் பெயின்ட்

முதல் கூட்டத்தில் பெண்களிடம் பெரிய தாளைக் கொடுத்து, ஆற்றை வரையச் சொன்னேன். வீட்டுவேலைக்குப் போகும் சகுபாய் ஆறு முழுக்கப் பழுப்பு அடித்தாள். நான் பிரஷ்ஷை வாங்கி, "ஆறு நீலம்தானே?" என்று அதன் மேலேயே நீலம் பூசினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இந்தியில் சொன்னாள்: "நீலமா வந்தா நாங்க ஏன் சார் ஓடப் போறோம்?"

முட்டாள் வேஷம்

அடுத்து தெருநாடகம். எச்சரித்தும் வீட்டைவிட்டுக் கிளம்பாதவனை முட்டாளாக எழுதி, நானே நடித்தேன். தலையணையைக் கட்டிக்கொண்டு உருண்டேன், நல்ல சிரிப்பு.

முடிந்ததும் ஆரோக்கியமேரி அக்கா வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், அந்தக் குடியிருப்பில் என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள். கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்: "எங்க வூட்டுக்காரர யாரு தூக்கினு போறது தம்பி? அதையும் நாடகத்துல சொல்லியிருக்கலாம் இல்ல?"

ஒன்பது வீடுகள்

பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து குடியிருப்பு மக்களே வரைபடம் போட்டார்கள்: எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார். அதை அதிகாரிகளிடம் கொடுக்க நான் வாங்கிய ஃப்ரேம் சிறியது. கீழ் ஓரத்தை வெட்டினேன். ஆற்றையொட்டிய ஒன்பது வீடுகள் அதில் இருந்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசை, பார்த்தேன். அந்தப் படத்தை வைத்துத்தான் எச்சரிக்கை வண்டிக்கு வழி குறித்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஆற்றின் மேற்பக்கத்து அணையைத் திறந்த காலை, ஒலிபெருக்கி வண்டி அந்த ஒன்பது வீடுகளை எட்டுமுன்பே திரும்பிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் அந்த வீட்டுக்காரர்கள் தாங்களாகவே நடந்து பள்ளிக்கூட மாடியில் ஏறியிருந்தார்கள். உயிர்கள் தப்பின, பாத்திரம், படுக்கை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிற்று. டீயும் பாவ் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். கசார்வாடிப் பட்டறையில் வேலை பார்த்த கண்பத்தின் வீடு அந்த ஒன்பதில் ஒன்று. வரைபடத்தில் அதை அவரே வரைந்திருந்தார். வெட்டியது நான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். டீயைக் கீழே வைத்தார். அப்புறம் கேட்டார்: "வெட்டின அந்தத் துண்டை என்ன சார் பண்ணீங்க?"

மக்களைப் பங்கேற்க வைப்பதில் அனுபவம் உண்டு என்று விண்ணப்பங்களில் இன்றைக்கும் எழுதுகிறேன். அவர்கள் சொன்னால் காது கேட்கும் என்று எழுதத்தான் கை வருவதில்லை.