வஞ்சிரக் குழம்பும் நடராஜர் கோயில் வாசலும்

என் கல்யாணப் பந்தியில், மீன்பிடிக்கிற என் அப்பா காதுபடவே "ஒரே மீன் நாத்தம்" என்று மூக்கைப் பொத்தினார் கோயம்புத்தூர் நாத்தனார். அந்தக் கோபத்தை நான் ஆறவே விடவில்லை.

இந்த வருஷம் எங்கள் கடலூரைச் சுற்றிப்பார்க்க வந்தார். சிதம்பரம் நடராஜரைப் பார்ப்பதுதான் அவருடைய பெரிய ஆசை. அவர் ஊருக்குக் கிளம்பும் நாளில், "கோயிலுக்கு நேரமில்ல, பிச்சாவரம் படகு மட்டுந்தான்" என்று சொல்லி, காலையிலேயே வஞ்சிரக் குழம்பு ஊற்றினேன். அன்றைக்கு மூக்கைப் பொத்தியவர், கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தயிர்சாதம்.

படகுச் சவாரி முடிந்து திரும்பும்போது காரைக் கோயில் வாசலில் நிறுத்தச் சொன்னேன்.

"மீன் சாப்ட்டுட்டு உள்ள வரக்கூடாதே அண்ணி. செருப்பப் பாத்துக்குங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

நான் மட்டும் உள்ளே போய் வெளியே வந்ததும், "எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டியா கண்ணு?" என்றார்.

தலையாட்டினேன். உள்ளே நின்ற நேரமெல்லாம் அந்தச் சுண்டிய முகத்தைத்தான் நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நடராஜரை நானும் பார்க்கவில்லை.