ராஜாவைத் தாண்ட வைத்த பெரிய கிராணி

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்ன கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. பெரிய கிராணியின் மகளைப் பெண் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. தனக்குக் கீழே வேலை பார்க்கிறவனுக்கா கொடுப்பது என்ற யோசனை அவருக்கு. "பாக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் செஸ் போட்டி வைத்தார்கள். பரிசு ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறைய அரிசி. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று அலுத்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பதினாறு பேர் வந்தோம். கடைசி ஆட்டத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர் பெரிய கிராணியேதான். பேசாமல் தோற்றுவிடு என்றார்கள் வேண்டியவர்கள். நானும் தலையாட்டினேன்.

ஆனால் காயைத் தொட்டால் எனக்குப் புத்தி வேறு மாதிரி. எனக்குக் கறுப்பு. தொலைந்துபோன இரண்டு சிப்பாய்களுக்குப் பதில் ரப்பர் கொட்டைகள். அவர் பிஷப்பை நீட்டி என் குதிரையை மிரட்டினார். நான் கண்டுகொள்ளாமல் என் பிஷப்பை அவர் ராஜா பக்கம் குறிவைத்து நிறுத்தினேன். ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற புத்தகத்தில் இதற்குக் கிளாசிக்கல் டிஃபென்ஸ் என்று பெயர். இரண்டு மணி நேரத்தில் அவர் ராஜா திணறியது.

அப்போதுதான் அவர் ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரித் தாண்ட வைத்தார். ஊர் ஆட்டத்தில் ராஜா ஒரு தடவை அப்படித் தாண்டலாம். போட்டியிலோ இங்கிலீஷ் விதி. செல்லாது என்றார் நடுவராக இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், ராஜாவுக்கு இருந்ததோ ஒரே கட்டம். அடுத்த நகர்த்தலில் செக்மேட். அரிசியைத் தூக்கும்போது, பெண் கைவிட்டுப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மறுவாரமே ஆள் அனுப்பிச் சம்மதம் சொன்னார். அந்த அரிசியில்தான் கல்யாணச் சாப்பாடு. அப்புறம் முப்பது வருஷம், அவரை எதிரில் வைத்துக்கொண்டே, வீட்டுக்கு வந்த ஒருவரையும் விடாமல் இந்த வெற்றியை அளந்தேன். அவர் வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருடைய கருமாதி முடிந்த அன்று என் மனைவி சொன்னாள்: "அந்தப் போட்டிக்கு முன்னாடியே, வீட்ல அப்பாகூட ஆடுறப்ப நான் ஒரு தடவை ராஜாவைத் தாண்ட வெச்சேன். இங்கிலீஷ் ஆட்டத்துல அது ஏதுன்னு அப்பா சத்தம் போட்டாரு. அவருக்கா தெரியாது? தன்னைத் தோக்கடிச்ச பையன்னா கௌரவமா பொண்ணு குடுக்கலாம்னு அம்மாகிட்ட சொன்னாராம்."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் அளக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷமாம். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அழுதேன். முப்பது வருஷம் எதிரிலேயே உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லாமல் போனேன்.