ஒட்டவைத்த மட்டை

லண்டன் வெம்பிளியில் ஒரு யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் புதிய பேனர். மட்டையை ஓங்கியபடி ஒருவர் சிரிக்கிறார், கீழே ‘பாராட்டு விழா’ என்று இருக்கிறது. அதே ஆள் என் எதிரே தேநீருடன் உட்கார்ந்து பேனரை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவில் பதினொரு வருடம் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவராம். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர். “இவரைத் தாண்டி ஒரு பந்து போகாது” என்கிறார் கடைக்காரர் பெருமையாக. கோப்பையைப் பிடித்திருக்கும் ஆட்டக்காரரின் வலது கையில் மூன்று விரல்கள், பந்து பட்டுப் பட்டு, திசைக்கொன்றாக வளைந்திருக்கின்றன.

“அண்ணை, நான் மட்டையோட நிக்கிற படம் உங்களுக்கு எங்கை கிடைச்சது?”

“கம்ப்யூட்டரில ஒட்டினது தம்பி. முகம் உம்மடை பேஸ்புக்கில எடுத்தது, மிச்சம் வேறையொரு ஆட்டக்காரன்ரை. நீர் அனுப்பின படத்தில பந்து பிடிக்கேக்கை போடுற முகமூடியெல்லோ போட்டிருக்கிறீர். மட்டை இல்லாட்டி சனத்துக்கு விளங்காது.”

கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. பந்து பிடித்தவருக்குத்தான் விழா. ஆனால் அவர் பிடிப்பதைக் காட்ட இவர்களுக்கு மனம் வரவில்லை.

அவர் கோப்பையை மேசையில் இடித்து வைக்கிறார்.

“அடிக்க ஏலாதெண்டுதான் அண்ணை என்னை வீட்டை அனுப்பினவங்கள். பிடிச்சதை ஒருத்தரும் பாக்கேல்லை. இப்ப நீங்களும் அந்த மட்டையைத்தான் என்ரை கையில தாறியள்!”

“கோவிக்காதையும். படம் வடிவாத்தானே இருக்கு?”

நான் திரும்பிப் பேனரைப் பார்க்கிறேன். வடிவாகத்தான் இருக்கிறது. மட்டையைப் பிடித்திருக்கும் விரல்களில் ஒன்றுகூடக் கோணலாக இல்லை.