ரூத்தின் வலது கண்ணுக்காக நான் கேட்டது

பிள்ளையின் கண்ணைக் கேட்டு ஜெபித்தேன். கண் போயிற்று, பிள்ளை இருக்கிறாள். இதைப் பதில் என்பதா, மறுப்பு என்பதா? மூன்று வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் இது என் சாட்சி. எங்கள் சபையில் இதைச் சொல்ல எழுந்தபோது, "ஆஸ்பத்திரிய வுட்டுட்டு மீதியச் சொல்லும்மா" என்றார்கள். ஆஸ்பத்திரியை விட்டால் சாட்சியே இல்லை. உட்கார்ந்துவிட்டேன். இங்கே முழுவதையும் எழுதுகிறேன்.

ஒரகடத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறோம். கணவருக்குத் தாம்பரம் பக்கத்தில் கம்பெனி வேலை. எங்கள் சபையார் மருந்து தொடமாட்டார்கள். காய்ச்சலுக்கும் ஜெப எண்ணெய்தான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

மகள் ரூத்துக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டதும் அவளுடைய வலது கண்மணி வெள்ளையாக மின்னியது. "பாருங்க, புள்ள கண்ல அபிஷேகம் எறங்கிக்கீது!" என்றார் பாஸ்டரம்மா. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான். அதன்பின் வந்தவர்களெல்லாம் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் காலை விளையாட்டாக அவளுடைய இடது கண்ணைப் பொத்தினேன். சிரித்துக்கொண்டிருந்தவள் மிரண்டுபோய், "அம்மா, அம்மா" என்று காற்றைத் தடவினாள். நான் எதிரேதான் இருந்தேன்.

சபையில் யாரிடமும் சொல்லாமல் அவளைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனேன். கண் டாக்டர் மறைக்காமல் சொன்னார். கண்ணுக்குள் புற்று. பார்வை நரம்பிலும் ஏறிவிட்டது. அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை வராது. நரம்பு வழியே மூளைக்குப் போவதற்குள் கண்ணை எடுத்தால் பிள்ளை பிழைக்கலாம்.

ஆபரேஷனுக்குப் புறப்பட்ட அன்று பாஸ்டரம்மா வாசலில் நின்றார்.

"கத்திய நம்பிப் போறியா, கர்த்தர நம்பிப் போறியா?"

"கத்தி புடிக்கிற கையயும் அவருதான்மா படைச்சாரு. வழி வுடுங்க, பஸ்சு போயிடும்."

என் வாயா அது என்று எனக்கே திகைப்பு. கணவர், "நீ நட. புள்ளய நான் தூக்கியாறேன்" என்றார்.

கண்ணை எடுத்தார்கள். நரம்பை வெட்டிய முனையில் புற்று இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பினார்கள். இருந்தால் நம்பிக்கை குறைவு. அவசரப்பட்டேனோ? இன்னும் காத்திருந்தால் கண்ணும் தப்பியிருக்குமோ? ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டேன். எனக்குப் பணிவான வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, கண்ணை எடுத்துக்கொண்டீர். இவளையும் கேட்காதீர். தரமாட்டேன்" என்றேன்.

அவர் என்மேல் கோபிக்கவில்லை. நரம்பின் முனை சுத்தமாக இருந்தது. அதன்பின் மிச்சப் புற்றைக் கதிர் பாய்ச்சிக் கருக்கும் கரண்டு சிகிச்சையும் கொடுத்தார்கள். நோய் இதுவரை திரும்பவில்லை. இடது கண் நன்றாகத் தெரிகிறது.

சென்ற வாரம் கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒரு பையன் "ஒத்தக்கண்ணி" என்றான். "ஒத்தக் கண்ணாலயே ஒன்னப் புடிச்சிட்டேன், போடா!" என்றாள் என் மகள். ஸ்தோத்திரம் என்று உரக்கச் சொன்னேன்.

பிள்ளை நோயோடு தவிக்கும் தாய்மார்களே, அவரை நம்புங்கள். ஜெபித்துக்கொண்டே பஸ் ஏறுங்கள்.

என்னை எதிர்த்தவர்களுக்கெல்லாம் என்னிடம் பதில் உண்டு. ரூத்துக்குத்தான் இல்லை. ஜெபம் முடிந்ததும் கேட்கிறாள்: "அம்மா, நீ கேட்டியே, அவரு ஏன் ஒரு கண்ண மட்டும் வச்சிக்கினாரு?" பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்களே, அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? தயவுசெய்து எழுதுங்கள்.