சலவைச் சோடா, தொண்ணூற்றாறு சதவீதம்

தெருவில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். வைத்தவள் அவன் அக்கா. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்பதால், மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து மின்விசிறி ஏன் முனகுகிறது என்பதுவரை எல்லாவற்றுக்கும் அவனிடம்தான் வந்து நிற்பார்கள். ஆரம்பத்தில் தெரியாது என்று சொல்லிப் பார்த்தான். "இதுக்குத்தான் மூணு வருஷம் படிச்சியா?" என்று அக்கா கேட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லையே விட்டுவிட்டான்.

வேலை ஒரு பரிசோதனைக் கூடத்தில். அங்கே இருந்த நிறமாலைமானியை எல்லோரும் ஐ.ஆர் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு பொருளின் மேல் பாய்ச்சினால், அது தனக்குப் பிடித்த பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எதையெல்லாம் விழுங்கியது என்பது திரையில் பள்ளம் பள்ளமாக ஒரு கோடாக விழும். ஒரு பொருளின் பள்ளங்கள் அப்படியே இன்னொன்றுக்கு வராது. கணினி தன்னிடமுள்ள ஆயிரக்கணக்கான கோடுகளோடு ஒப்பிட்டு, இது இன்னது, இத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று சொல்லும். பொருளை வைக்கும் இடத்தில் மிளகளவு வைரம் பதித்திருக்கும். வீட்டில் யாரும் கையால் தொட்டறியாத வைரத்தை அவன் நாளுக்கு முப்பது தடவை பஞ்சால் துடைத்தான்.

துடைத்துத் துடைத்து வெறுத்துப்போயிருந்தான். பாலிதீன் என்று எழுதி ஒட்டிய பையில் பாலிதீன் வரும். ஆமாம், பாலிதீன்தான் என்று அச்சடித்துக் கொடுப்பான். தெரியாத பொருளைக் கண்டுபிடிக்கும் வித்தை என்று கல்லூரியில் சொல்லித்தான் சேர்த்தார்கள். இரண்டு வருடமாகத் தெரிந்ததற்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் அக்கா ஒரு பழைய இருமல் மருந்துப் புட்டியை அவன் முன்னால் வைத்தாள். அவள் ஒரு பேக்கரியில் அடுப்புத் தட்டுகள் கழுவுகிறவள். எட்டாவதோடு நின்றவள், அவன் படிப்பதற்காக என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"என்னது இது?"

"அதைத்தான் உன்னைக் கேக்கறேன். புதுசா ஒரு கேன் வந்திருக்கு. பேர் இல்ல, ஊர் இல்ல. சூபர்வைசர் சோப்புத் தண்ணின்னு சொல்றான். சோப்புத் தண்ணி இப்படியா பண்ணும்?" கையை நீட்டினாள். நான்கு விரல் நுனிகளிலும் தோல் உரிந்து, உள்ளே சிவந்திருந்தது. "முழங்கை வரைக்கும் வர்ற கையுறை வேணும்னு கேட்டிருக்கேன். பாக்கலாம்னான். நானா வாங்கினது மணிக்கட்டோட நிக்குது, அதுவும் வழுக்குது."

அதைப் பார்த்து அவன் பதறவில்லை, மனம் துள்ளியது. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் கூசும். முதல்முறையாகப் பெயர் தெரியாத ஒன்று அவன் கைக்கு வந்திருந்தது.

மறுநாள் உணவு இடைவேளையில் ஒரு துளியை வைரத்தின் மேல் வைத்தான். தண்ணீர், தொண்ணூற்றேழு சதவீதம் என்றது கணினி. பின்னால் நின்ற தலைமை ஆய்வாளர், எல்லோரும் மேடம் என்று அழைப்பவர், எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியைக் கண்டுபிடிச்சிட்டியாப்பா? பெரிய ஆள்தான்," என்று போனார்.

மூக்குடைந்தாலும் அவன் விடவில்லை. தண்ணீர் மறைக்கிறது, தண்ணீரை விரட்டினால் மிஞ்சுவது தெரியும். வெள்ளிக்கிழமை மாலை கொஞ்சத்தைக் கண்ணாடித் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனான். திங்கட்கிழமை தட்டில் வெள்ளைப் பொடி. திரையில் ஒரு பெரிய பள்ளம், பக்கத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு சின்னப் பள்ளம். சோடியம் கார்பனேட், தொண்ணூற்றாறு சதவீதம்.

அங்கிருந்தே அக்காவைப் போனில் கூப்பிட்டான். "சலவைச் சோடாக்கா. வேற ஒண்ணுமில்ல. துணி துவைக்கற சோடா."

"நிச்சயமாவா?"

"தொண்ணூத்தாறு."

"ஓ. நீ பரீட்சையில வாங்கினதை விட ஜாஸ்தி," என்றாள். பிறகு குரல் இறங்கி, "அப்ப என் தோல்தான் சரியில்ல போல."

அன்றைக்கே பேக்கரி முழுக்கச் சொல்லிவிட்டாள். என் தம்பி மெஷின்ல வச்சுப் பாத்துட்டான், சலவைச் சோடாதானாம் என்று. கையுறைப் பேச்சையும் விட்டுவிட்டாள். வியாழக்கிழமை, கேன் திரவத்தில் தட்டு ஊறும் தொட்டிக்குள் தட்டைச் சுரண்டும் தகடு விழுந்துவிட, வெறுங்கையை உள்ளே விட்டுத் துழாவி எடுத்திருக்கிறாள்.

அவன் மருத்துவமனைக்கு ஓடியபோது அவள் கை மணிக்கட்டுக்கு மேலே வரை வெந்தாற்போல் இருந்தது. மருத்துவர் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் கையைப் பிடித்துக்கொண்டே, "என்ன பட்டுச்சு?" என்று கேட்டார்.

"சலவைச் சோடா," என்றான் அவன்.

மருத்துவர் திரும்பிப் பார்த்தார். "யார் சொன்னது?"

அவன் குழாய்த் தண்ணீரையே பார்த்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அதே பொடியை மறுபடி வைத்தான். தொண்ணூற்றாறு. வைரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி. தொண்ணூற்றாறு. மாடு மாதிரி ஒரே இடத்தில் நின்றது கருவி. மேசையை ஓங்கித் தட்டினான். "அதை ஏன்பா அடிக்கறே? நீ வச்சதைத்தானே அது சொல்லும்," என்றார் மேடம்.

சாயங்காலம் அக்காவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவளே பேச்செடுத்தாள். "ஒண்ணு எனக்குப் புரியவே இல்லடா. கேன் வாயைச் சுத்தி வெள்ளையா உப்பு மாதிரி பூத்திருக்கும். அதை நகத்தால சுரண்டித் தள்ளுவேன், ஒண்ணும் பண்ணாது. உள்ள இருக்கற தண்ணிதான் கடிக்கும். ரெண்டும் ஒண்ணுதானே?"

அவன் கை அவள் வாயருகே நின்றுவிட்டது.

"ஊட்டுடா. பசிக்குது."

ஒன்றல்ல. கேனுக்குள் இருந்தது காஸ்டிக் சோடா, தோலைக் கரைக்கிற காரம். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துச் சலவைச் சோடாவாக மாறிவிடும். கேன் வாயில் நடந்ததுதான் அவனுடைய கண்ணாடித் தட்டிலும் இரண்டு நாள் நடந்திருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. அவன் கொண்டுபோய் வைத்ததுதான் வேறு பொருள். முதல் வருடப் பாடம். இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதி இரண்டும் வாங்கியிருக்கிறான்.

மறுநாள் பொடியில் வினிகர் விட்டான், சலவைச் சோடாவுக்கே உரிய மாதிரி நுரைத்துப் பொங்கியது. மூடியே இருந்த புட்டித் திரவத்தின் ஒரு துளியில் விட்டான். ஒரு குமிழிகூட இல்லை. காரம் காட்டும் தாள் அதில் பட்டதும் கருநீலமானது. போதும். ஆனால் அறிக்கைக்குக் கூடத்தின் முத்திரை கேட்டபோது மேடம் கையை விரித்தார். "பதிவு இல்லாத சாம்பிளுக்கு எப்படிப்பா குத்தறது? பேக்கரிக்காரங்க அனுப்பினா செஞ்சு தரலாம்."

பேக்கரிக்காரர்கள் எதற்கு அனுப்பப்போகிறார்கள்! வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவனே போனான். சூபர்வைசர் தாளை வாங்கவே இல்லை.

"தம்பி, போன வாரம் சலவைச் சோடான்னீங்க. இந்த வாரம் காஸ்டிக்கா? அடுத்த வாரம் பன்னீரா?"

தட்டு கழுவுகிற பெண்கள் சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது. திரும்பிப் போயிருக்கலாம். போகாமல், அங்கேயே அலமாரியிலிருந்த வினிகரை எடுத்து, கேன் வாயில் பூத்திருந்த வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி, ஒரு கிண்ணத்தில் போட்டு ஊற்றினான். பொங்கியது. இன்னொரு கிண்ணத்தில் கேனிலிருந்து இரண்டு சொட்டு விட்டு ஊற்றினான். சும்மா இருந்தது.

"போன வாரம் நான் பாத்தது இது," என்று முதல் கிண்ணத்தைக் காட்டினான். "நீங்க கை விடறது இது. தப்பு என்னோடது. அதுக்காக இது சோப்புத் தண்ணி ஆயிடாது."

சூபர்வைசர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். பெண்களில் ஒருத்தி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை ஒருத்தியும் தொட்டிப் பக்கம் போகவில்லை. புதன்கிழமை கையுறைகள் வந்தன, எல்லாம் ஆண்கள் அளவில். கேனுக்கு இன்னும் பெயர் எழுதப்படவில்லை.

கட்டுப் பிரித்த அன்று அக்கா கையை மடக்கிப் பார்த்தாள். மூன்று விரல்கள் வந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியில் நின்றன. மறுபடி மடக்கினாள், மறுபடி நின்றன.

"விஞ்ஞானி," என்றாள். "இது மடங்குமா?"

மடங்கும் என்று சொல்ல வாய் வந்தது. பழக்கம்.

"தெரியாதுக்கா."

இதுக்குத்தான் படிச்சியா என்று கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. கையை அவன் பக்கம் நீட்டி, "சரி, அந்த மருந்தைத் தடவு. மூடியில என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படி," என்றாள்.